குடும்பத்தோடு வந்த பொத்தை

மருதங்கிணறு என்று ஒரு ஊர், அந்த ஊரில் முப்பிடாதி என்று ஒருத்தி, அவளுக்கு உலகத்தில் எல்லாம் ஒத்துக்கொள்ளும், கார் மட்டும் ஒத்துக்கொள்ளாது. ரயில் ஏறுவாள், பஸ் ஏறுவாள், வைக்கோல் வண்டியின் உச்சியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே நாலு ஊர் தாண்டுவாள். ஆனால் காரில் ஏற்றி, கதவைச் சாத்தி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் போதும், வண்டி கிளம்பவேண்டும் என்றுகூட இல்லை, காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்து ஊர் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கும்.

இதனால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவள் தம்பி பலவேசத்துக்குத்தான் நஷ்டம். முதல் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் மாமா மரியாதைக்குக் கார் அனுப்பினார், காரியம் மாமாவின் புது சீட்டில் நடந்தது. இரண்டாவது இடத்தில் பெண்ணின் தகப்பனார் மடியில் நடந்தது. மூன்றாவது இடத்துக்கு அவள் பஸ்ஸிலேயே போய்விட்டாள், எல்லாம் நல்லபடியாகப் பேசி முடிந்தது, திரும்பும்போது "பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது கார்ல விடுறோமே" என்று அவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள், அவ்வளவுதான், அந்தச் சம்பந்தமும் தெருமுனையில் முடிந்தது. பலவேசத்துக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போயிற்று. முப்பிடாதி ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுவாள், காலையில் எழுந்து தம்பிக்குத் தோசை சுடுவாள்.

கடைசியில் அப்பளத்திட்டில் இருந்து ஒரு இடம் வந்தது. கடலோரம் கழிமுகத்துக்கு நடுவே கிடக்கும் தீவு அது, பொரிக்காத அப்பளம் மாதிரித் தட்டையானது, அங்கே கார் போக வழியே கிடையாது, தோணிதான். பெண் பெயர் தங்கபுஷ்பம். அவள் தகப்பனார் தவசிக்கண்ணு வலை பின்னுகிறவர், வாழ்நாளில் காரில் ஏறாதவர். ஒரே மூச்சில் தாம்பூலம் மாற்றினார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி தாலிக்கயிற்றில் முதல் இரண்டு முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போடவேண்டும், அந்த முடிச்சு விழாதவரை கல்யாணம் நடந்ததாக ஒருவரும் எண்ணமாட்டார்கள், பந்திக்கு இலைகூட விழாது. பலவேசத்துக்குக் கூடப்பிறந்தவள் முப்பிடாதி ஒருத்திதான்.

"யக்கா, இந்தத் தடவ ஒன்னால எதுவும் ஆயிரக் கூடாதுக்கா" என்றான் பலவேசம், வேனில் ஏறும்போது.

"போலே, நான் ரயிலு, பஸ்ஸு, தோணின்னு ஜம்முனு வந்து நிப்பேன்" என்றாள் முப்பிடாதி.

அவள் ஏன் பின்தங்கினாள் என்றால், அழைப்புத் தட்டு இன்னும் காலியாகவில்லை. மருதங்கிணற்றில் ஒரு முறை உண்டு: மாப்பிள்ளையின் அக்காள் கையில் இருக்கும் அழைப்புத் தட்டு, வெற்றிலை பாக்கு குங்குமம் பத்திரிகையோடு கல்யாணப் பந்தலுக்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் அழைக்கவேண்டிய யாரோ ஒருவரை விட்டுவிட்டோம் என்று அர்த்தம், விட்டுப்போன அந்த ஆளின் பெருமூச்சு தாலிக்கயிற்றில் விழுந்துவிடும் என்பார்கள். அதனால் அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ரயிலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பெட்டியில் இருந்த அத்தனை பேரையும் அழைத்தாள், கடலை விற்கிறவரை அழைத்தாள், டிக்கெட் பரிசோதகரை அழைத்தாள், எதிர்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி அழைத்துவிட்டு மறுபடி தூங்கச் சொன்னாள். அப்படியும் தட்டில் ஒரு பத்திரிகையும் இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் மிச்சம் கிடந்தன.

வெளியே பருத்திக்காடு போயிற்று, கொக்கு உட்கார்ந்த குளம் போயிற்று, காற்றாடிகள் வரிசையாக நின்று கையை வீசிக்கொண்டே போயின, பிறகு சாய்ஞ்சான் பொத்தை வந்தது. பொத்தை என்றால் பெரிய மலை இல்லை, மலையாகலாம் என்று கிளம்பிப் பாதியில் சோம்பிப்போன பாறைக்குன்று, தலையில் இரண்டு பனைமரம், இடுப்பில் கொஞ்சம் முள். எல்லா மலையும் போல அதுவும் ரயிலோடு கொஞ்ச தூரம் கூடவே வரும், பூந்தளவாய்க் குளத்தங்கரை வந்ததும் பின்தங்கி நின்றுவிடும். பொத்தைக்குப் பக்கத்தில் ரயில் தினமும் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்கும், ஜன்னலில் கை நீட்டினால் பாறை கையில் தட்டும்.

முப்பிடாதி கையை நீட்டினாள். பாறைக்குக் குங்குமம் வைத்தாள். பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் பாறையிடுக்கில் சொருகினாள்.

"எத்தன வருசமா கூடயே வாறிய, ஒரு நாளும் ஒரு வார்த்த கேட்டது கெடையாது. நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்துருங்க" என்று முறையாகச் சொன்னாள், தட்டைக் கவிழ்த்துப் பையில் வைத்தாள், நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

ரயில் கிளம்பியது, பொத்தையும் கூடவே வந்தது. பூந்தளவாய்க் குளம் வந்தது, பொத்தை பின்தங்கவில்லை. குளத்தைச் சேலை நனையாமல் தாண்டுகிற பொம்பளை மாதிரி ஓரமாகச் சுற்றிக்கொண்டு, காற்றாடிகளுக்கு இடித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி, பூந்தளவாய் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, முப்பிடாதி இறங்கியபோது அவளுக்குப் பின்னால் நின்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா கூட வந்தது?"

"நம்ம வீட்டு விசேசத்துக்குத்தான் சார்."

"பிளாட்ஃபாரத்துல ஏறாம பாத்துக்கோங்க, புதுசாத் தளம் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் கொடியைச் சுருட்டப் போய்விட்டார்.

அப்போதுதான் பொத்தையின் உச்சியில் பனைமரத்தடியில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அது ஆடு மேய்க்கும் கொம்பையா, சுற்றிலும் அவருடைய ஆடுகள், ஆடுகளுக்கு நடுவே இரண்டு மயில்.

"ஏ தாயி! நீதான் இதக் கூப்ட்டியா? நான் எறங்கிக்கிடுதேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கு!"

"குடும்பத்தோடதான் அண்ணாச்சி கூப்ட்டேன். நீங்களும் குடும்பந்தான். வாங்க."

கொம்பையா கொஞ்சம் யோசித்தார். "சாப்பாட்டுல வட உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றாள். அதோடு அவர் இறங்குகிற பேச்சை விட்டுவிட்டார்.

நண்டுத்துறை போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஆவுடையப்பன் வாசற்படியில் தொங்கிக்கொண்டு பின்னால் பார்த்தார். "யக்கா, பின்னாடி வாரது ஒங்க ஆளா? ஓவர்டேக் மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, டிரைவர் அண்ணாச்சிக்கு அது பிடிக்காது." பொத்தை ஓவர்டேக் பண்ணவில்லை. எதிரே வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கியது, பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் நின்றது, கிளம்பும்போது கிளம்பியது. ரோட்டின் ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் செக்கச்சிவந்த தேரி மணல், வானத்தில் மேகமே இல்லை, ஆனாலும் பஸ்ஸுக்குள் நிழல். கடைசி சீட்டுக்காரர்கள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, இந்த ரூட்டில் இப்படி ஒரு சுகமான மதியத்தைப் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

தொந்தரவு பொட்டல்குடியில் தொடங்கியது. அங்கே பஸ் நின்றபோது வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி பழக்கதோஷத்தில், "வாங்க, மோர் குடிச்சிட்டுப் போலாம்" என்றாள். வழியில் போகிற யாரைப் பார்த்தாலும் அப்படிச் சொல்வார்கள், யாரும் வரமாட்டார்கள், "இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள், அதுதான் மரியாதை. பொத்தைக்கு அது தெரியாது. அது நின்றுவிட்டது.

பஸ் ஹாரன் அடித்தது, பொத்தை அசையவில்லை. ஊரே வீட்டுக்கு ஒரு குடமாக மோரைக் கொண்டுவந்து பாறையில் ஊற்றியது, பொத்தை கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிவிட்டுக் கிளம்பியது. அடுத்த ஊரில் ஒரு பெரியவர் "ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க" என்றார். அவருடைய வீட்டு வாசலை இடிக்காமல் பொத்தை உள்ளே வர வழி பார்த்தது, அந்த வழி கிடைப்பதற்குள் சாயங்காலம் ஆயிற்று. உள்ளே வரமுடியாமல் போனதற்கு வருத்தப்பட்டு அது அந்த வீட்டுச் சுவரில் மெதுவாகச் சாய்ந்து நின்றபோது, பெரியவர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெளியே தெரிந்தவர்களைப் பார்த்தால்கூட வணக்கம் சொல்லாமல், விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்படியும் தேரிவிளையில் எஸ்தர் டீச்சரை யாராலும் தடுக்க முடியவில்லை. அவர் வாசலுக்கே ஓடிவந்து, "இருட்டப்போகுது, இருந்து தங்கிட்டுக் காலையில போங்களேன்!" என்றார்.

பொத்தை பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்தது.

"யக்கா, நான் டெப்போவுக்குப் போயாகணும்" என்றார் ஆவுடையப்பன். "அத விட்டுட்டு நீங்க வாங்க."

"வெத்தல பாக்கு வச்சு அழைச்சவுகள நடுவழில விட்டுட்டு எப்படித் தம்பி போவ?" என்று முப்பிடாதி பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

தேரிவிளைக்காரர்கள் ஒரு ராத்திரிக்குள் பொத்தைக்குப் பழகிவிட்டார்கள். பெண்கள் அதன்மேல் புடவை உலர்த்தினார்கள், பிள்ளைகள் சறுக்கி விளையாடின, இரண்டு குடும்பம் மேற்குச் சரிவு யாருக்கு என்று சண்டை போட்டுப் பேச்சை முறித்துக்கொண்டன, விடிந்து பார்த்தால் அதன் முதுகில் யாரோ சுண்ணாம்பில் மூட்டுவலி வைத்தியர் விளம்பரம் எழுதியிருந்தார்கள். முதல் பஸ்ஸில் ஆவுடையப்பனே வந்தார். முப்பிடாதி ஏறினாள், பொத்தை எழுந்தது, உப்பளங்களின் வெள்ளைக் குவியல்களைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே, இவர்கள் எல்லாம் என்ன சொந்தமோ என்று யோசிப்பது போல நண்டுத்துறைக்கு வந்துசேர்ந்தது.

எதிரே கழிமுகம், அதற்கு நடுவே அப்பளத்திட்டு, தென்னைகளுக்கு இடையில் பந்தலின் சிவப்புத் துணி, காற்றில் மேளச்சத்தம். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. முப்பிடாதிக்கு உயிர் வந்தது. தோணிக்காரர் மிக்கேல் பொத்தையை மேலும் கீழும் பார்த்தார், பிறகு தண்ணீரைப் பார்த்தார், பிறகு தீவைப் பார்த்தார்.

"யக்கா, தோணில ஏத்தச் சொல்ல மாட்டீங்கன்னு நெனைக்கேன்."

"அவுக நடந்தே வந்துருவாக."

"நடந்து வந்தா, அவுக எறங்குன அளவுக்குத் தண்ணி எங்கனப் போகும்? நேரா அப்பளத்திட்டுக்குத்தான் ஏறும். பந்தலு, பாத்திரம், பொண்ணு, மாப்ள, மேளக்காரன் அம்புட்டும் மெதக்கும்."

முப்பிடாதி கரையில் உட்கார்ந்துவிட்டாள். வராதே என்று விருந்தாளியிடம் சொல்லக்கூடாது, வாசலில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பினால் தாலிக்கயிறு தங்காது. ஆனாலும் ஆசை யாரை விட்டது. பொத்தை அசந்த நேரம் பார்த்து அவள் மெல்லத் தோணியில் ஏறி, இரண்டு மீன்கூடைக்கு நடுவே குனிந்து, கூடை மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மிக்கேல் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டார். தோணி கரையை விட்டதும் மேலே இருந்து கொம்பையா, "ஏ தாயி, தன்ன விட்டுட்டுப் போகலாம்னு பாக்கியேன்னு இது வெசனப்படுது!" என்று கத்தினார், அதற்குள் பொத்தை ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டது.

முப்பிடாதியின் போன் அடித்தது. தவசிக்கண்ணு பேசினார். "தாயி, சாம்பார் அடுப்பு அணைஞ்சுபோச்சு. நாற்காலி எல்லாம் ஒரு மாதிரி நகருது. சொந்தக்காரங்க காலத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக. அங்க என்ன நடக்கு?"

"திருப்பும், திருப்பும்!" என்று முப்பிடாதி மிக்கேலின் முதுகில் அடித்தாள். தோணி திரும்பியது, அவள் கரையேறினாள், பொத்தை காலை எடுத்துக்கொண்டது, தீவில் தண்ணீர் வடிந்தது. ஒரு மீன் மட்டும் மேளக்காரரின் செருப்பில் தங்கிவிட்டது.

முப்பிடாதி தம்பிக்குப் போன் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். "ஏல பலவேசம். நான் வரல. அங்க நம்ம ஆளுகள்ல யாராவது ஒரு பொம்பளய வச்சு மூணாவது முடிச்சப் போட்டுரச் சொல்லு. இந்தத் தடவயும் என்னால கெட வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ வளையல் சத்தம் கேட்டது, போன் கை மாறியது.

"மைனி, நான் தங்கபுஷ்பம் பேசுதேன். நீங்க எங்க நிக்கிய?"

"தொறையில நிக்கேன் தாயி."

"அங்கனயே நில்லுங்க. ஒரு எட்டு எடுத்து வச்சிராதிய" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை அப்பளத்திட்டில் இன்றைக்கும் கைகால் ஆட்டிச் சொல்வார்கள். முகூர்த்தம் வந்ததும் கெட்டிமேளம் கொட்டியது, பலவேசம் முதல் முடிச்சைப் போட்டான், இரண்டாவதைப் போட்டான், போட்டதும் தங்கபுஷ்பம் கயிற்றின் நுனிகள் இரண்டையும் பிடரியில் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு எழுந்து, தோணித்துறையைப் பார்த்து நடந்தாள். மாப்பிள்ளை பின்னால் ஓடினான், அவனுக்குப் பின்னால் தவசிக்கண்ணு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடினார், மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தலாமா கூடாதா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே ஓடினார்கள், மீதிப்பேர் கையில் அட்சதை அரிசியைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இருந்த தோணி அத்தனையிலும் ஏறினார்கள்.

நடுக்கழியில் பெரிய வாக்குவாதம்.

"இப்ப இவன் புருசனா இல்லியா?" என்றார் பெண்ணின் சித்தப்பா.

"மூணுல ரெண்டு பங்கு புருசன்" என்றது அடுத்த தோணி.

"அப்படின்னா நெருங்கி ஒக்காரலாமா?"

"மூணுல ரெண்டு பங்கு நெருங்கலாம்" என்று தீர்ப்பானது. பலவேசம் அளந்து நெருங்கினான்.

"ஏல, கடிகாரத்தப் பாரு, முகூர்த்தம் முடியப் போகுது, வலிங்கல!" என்று தவசிக்கண்ணு தொண்டை கிழியக் கத்தினார்.

கரைக்குக் கொஞ்ச தூரத்தில் தோணி சேற்றில் தட்டி நின்றுவிட்டது. முப்பிடாதி தண்ணீரின் விளிம்பில் நின்றாள், கால்விரல் மட்டும் நனைந்தது. ஒரு எட்டு வைத்தால் பொத்தையும் ஒரு எட்டு வைக்கும், வைத்தால் இத்தனை தோணியும் கவிழும். அவள் கையை நீட்டினாள், கை எட்டவில்லை. பின்னால் பொத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, ஆடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தியிருந்தன.

"மைனி, நீங்க நில்லுங்க, நான் வாரேன்" என்றாள் தங்கபுஷ்பம். ஒரு கை பிடரியில், ஒரு கையால் பட்டுச்சேலையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தொப்பென்று குதித்தாள். சேறு காலை விடவில்லை. பலவேசமும் குதித்தான், பின்னால் இருந்து தள்ளினான், மூன்றில் இரண்டு பங்கு புருசனாக இருந்தும் முழுப் பலத்தோடு தள்ளினான். இரண்டு பேரும் தவளைமாதிரி நெளிந்து நெளிந்து கரைக்கு வந்தார்கள், தங்கபுஷ்பம் திரும்பி நின்று கழுத்தைக் காட்டினாள், முப்பிடாதி அந்த ஈரக்கயிற்றை வாங்கினாள்.

"போடுங்க தாயி, போடுங்க!" என்றார் தவசிக்கண்ணு.

முப்பிடாதி மூன்றாவது முடிச்சைப் போட்டாள். எங்கே அவிழ்ந்துவிடுமோ என்று இன்னும் ஒரு தடவை இறுக்கினாள். "மைனி, மூச்சு முட்டுது" என்றாள் தங்கபுஷ்பம். அப்புறம்தான் கையை எடுத்தாள். தோணிகளில் இருந்து அட்சதை பறந்தது, பாதி தண்ணீரில் விழுந்து மீன்களுக்குப் போயிற்று. "முழுப் புருசன்! முழுப் புருசன்!" என்று சித்தப்பா கைதட்டினார். முப்பிடாதி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள், அழுதுகொண்டே தம்பியின் வழுக்கையில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள்.

ஈரச்சேலையோடு தங்கபுஷ்பம் அண்ணாந்து பார்த்தாள். "இவுகதான் நீங்க அழைச்சிட்டு வந்தவுகளா மைனி? இங்க இருக்கிறதுல இவுகதான வயசுல மூத்தவுக. விழுந்து கும்பிட வேண்டாமா?"

வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் கால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. விளம்பரம் எழுதியிருக்கிற பக்கம் முதுகு, அதனால் எதிர்ப்பக்கம்தான் கால் என்றார் மிக்கேல். முதலில் தண்ணீரில் வைத்ததுதான் கால் என்றார் தவசிக்கண்ணு. மேலே இருந்து கொம்பையா, "சுத்தியும் காலுதான், எங்கனயாவது விழுங்க, எனக்குப் பசிக்கி!" என்றார்.

பலவேசமும் தங்கபுஷ்பமும் கைகோத்துப் பாறையடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

காலில் விழுந்தவர்களைப் பெரியவர்கள் குனிந்து தூக்கவேண்டும். மரியாதை என்று யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்து பழகிய பொத்தை இதில் மட்டும் குறை வைக்குமா. அது மெதுவாக, பாறைகள் கடகடவென்று சொடக்குப் போட, தன் காலத்தில் முதல் தடவையாகக் குனிந்தது. இரண்டு பனைமரமும் தரையைத் தொட்டன. ஆடுகள், மயில்கள், தேரிவிளைக்காரிகள் மறந்துபோன புடவைகள், முள், நுங்கு, எல்லாம் சரசரவென்று சரிந்து மணமக்கள் தலையில் கொட்டின, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கொம்பையா உருண்டுவந்து சேற்றில் விழுந்தார், அவர் நெஞ்சின்மேல் ஒரு கிடாய் ஏறி நின்றது.

பொத்தைக்குப் பேச்சு வராது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆசீர்வாதத்துக்கு ஒரு வார்த்தையாவது வேண்டும் என்பதும் தெரியும், அதனால் எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவர் கிடாயின் தாடியை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு, படுத்தபடியே ஒரு கையைத் தூக்கினார்.

"நல்லாயிருங்க மக்கா."